பொன்னாடையால் செயலி வாழாது

பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களில் நூல் வெளியீடு நிகழும் முறையைக் கோலாலம்பூர்த் தமிழர் நன்கறிவர். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, தலைமையுரை, முதல் நூல் பெறுவோர் அளிக்கும் உறை, பொன்னாடை, சிற்றுண்டி. அன்று விலைபோகாத படிகள் ஆசிரியரின் கட்டிலுக்கடியில் உறங்கும். கைப்பேசிச் செயலிக்கும் இச்சடங்கே போதுமென்று கருதுவோர் உளர். பகலில் பிழைப்புக்குழைத்து, இரவில் கண்விழித்து ஓர் இளைஞன் ஆக்கிய செயலிக்கு மாலை சூட்டியதும் கடமை தீர்ந்ததென எண்ணுவது பேதைமையாகும்.

நூல் உறங்கினும் கெடாது; செயலி உறங்கினால் மாளும். கைப்பேசியின் இயங்குதளம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. செயலியும் அதற்கேற்பத் திருத்தம் பெறல் வேண்டும். பயன்படுத்துவார் இல்லையெனில், அவ்விளைஞன் யார்பொருட்டுத் திருத்துவான்?

இந்நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. முத்து நெடுமாறன் 1985இல் ஓய்வுநேர முயற்சியாகத் தொடங்கியதே முரசு மென்பொருள். அதன் வழிவந்த செல்லினம் 2005 சனவரியில் சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலித் துணையுடன் வெளியீடு கண்டது. அந்நாளில் பெரும்பாலான கைப்பேசிகள் தமிழெழுத்தையே அறியா. தமிழைச் செவிமடுப்போர் கூடுமிடத்தை நாடிச் செயலி சென்றது, அதுவே சந்தையறிவு. பின்னர் 2009இல் ஐபோனுக்கும், 2012இல் ஆண்டிராய்டுக்கும் அது புதுவடிவம் பெற்றது. ஐபோனின் தமிழ் விசைமுகங்களுள் ஒன்று இன்றும் ‘அஞ்சல்’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தமிழைப் பயில்வோர் நாள்தோறும் கூடுமிடம் எது? இந்நாட்டின் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளே. ஆயின், தமிழாசிரியர் சிலரே புலனக் குழுக்களில் ‘வணக்கம்’ என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்புகின்றனர். ஆசிரியர் விரலுக்கே தமிழ் வாராதபோது மாணவர் விரலுக்கு எங்ஙனம் வரும்? தமிழில் எழுதப் பழகாதவர், தமிழ்ச் செயலியைத் தேடுங்காலும் ஆங்கில எழுத்திலன்றோ தேடுவர்!

தட்டெழுதுதல் கடினம் என்பர். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைமுகத்தில் உயிரெழுத்துகள் இடக்கைப்புறம் அமைந்துள்ளன. மெய்வரிசை பெரிதும் வலப்புறம் உள்ளது. ‘க’ விசையை இருமுறை தட்டினால் ‘க்க’ எனப் புள்ளி தானே விழும். இதனைக் கற்பிக்கச் சில பாடவேளைகள் போதும். கடினமென்பது வெறும் சாக்கு.

‘தமிழுக்கு விலையா?’ என்பது மற்றொரு கூற்று. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தேநீருக்கு மகிழ்ந்து வெள்ளியை நீட்டும் கை, தமிழ்ச் செயலிக்கெனில் மடங்கிக்கொள்கிறது. இலவசமாய்ப் பெற்று, பயன்படுத்தாது விட்டு, பின்னர்த் ‘தமிழில் ஒன்றுமில்லை’ எனப் புலம்புவது எவ்வகை மொழிப்பற்று?

ஆசிரியர் முதலில் தம் கைப்பேசியில் தமிழ் எழுதுக. மாணவருக்கு விசைமுகம் கற்பிக்குக. நல்ல செயலியை வகுப்பில் பயன்படுத்தி, அதன் குறையை ஆக்கியோனுக்கு எழுதுக. விலை கேட்பின் கொடுக்குக. இவை நிகழுமாயின் செயலி வாழும். இவையின்றி அணிவிக்கும் பொன்னாடை, அதன்மேல் போர்த்தும் கோடித்துணியே ஆகும்.