ஆர்ம்ஸ் மட்டும் போதுமா பாஸ்?

திங்கட்கிழமை சாயங்காலம் எந்த காலேஜ் ஜிம்முக்கு வேணா போய்ப் பாருங்க. பெஞ்ச் காலியா இருக்காது. கண்ணாடி முன்னாடி பைசெப்ஸ் கர்ல் அடிக்கவும் ஒரு க்யூ. ஸ்குவாட் ரேக்? அதுல யாரோட துண்டோ காயும்!

கேட்டா ரெண்டு கோஷ்டி. 'ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ் போதும் மச்சி, மத்ததெல்லாம் வேஸ்ட்' என்பது ஒண்ணு. இன்னைக்கு நெஞ்சு, நாளைக்குக் கைனு தசைக்கு ஒரு நாள் ஒதுக்குறது இன்னொண்ணு.

வாரத்துக்கு மூணு நாள், அதுவும் முக்கால் மணி நேரம்தான் கிடைக்குதுன்னா என் ஓட்டு முதல் கோஷ்டிக்கு. பல மூட்டுகள் சேர்ந்து அசைகிற காம்பவுண்ட் பயிற்சிகளில், ஒரே புல்-அப்பில் முதுகு, பைசெப்ஸ், முன்கை எல்லாத்துக்கும் வேலை. தாத்தா காலத்து பஸ்கியும் தண்டாலும் இதே ரகம்தான்.

ஆனா 'மத்ததெல்லாம் வேஸ்ட்'ங்கிறதை நம்பாதீங்க. 2019-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் 10 வாரம் ஸ்குவாட் போட்டவர்களுக்கு முன்தொடையின் நடுத் தசையும் பின்தொடையும் வளரவே இல்லை. அதுக்கு லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல்தான் கைகொடுக்கும்.

வெயிட்டும் ரொம்ப கனமா இருக்கணும்னு இல்லை. ப்ராட் ஷோன்ஃபெல்ட் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குரூப் கனமான வெயிட்டில் 3 ரெப்ஸா 7 செட், இன்னொரு குரூப் 10 ரெப்ஸா 3 செட். எட்டு வாரம் கழிச்சு பைசெப்ஸ் வளர்ச்சி ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். பலம் மட்டும் கனமா தூக்கினவங்களுக்குக் கூடுதல், கூடவே மூட்டு வலியும். அவங்களுக்கு ஒரு செஷன் 70 நிமிஷம், மத்தவங்களுக்கு 17!

1998 முதல் 2005 வரை 8 தடவை மிஸ்டர் ஒலிம்பியா ஜெயிச்ச ரோனி கோல்மேன், 800 பவுண்டு ஸ்குவாட் போட்டவர். பிற்காலத்தில் முதுகுத்தண்டில் எத்தனையோ ஆபரேஷன், நடக்க ஊன்றுகோல். நமக்கு மெடல் வேண்டாம், முதுகு வேணும்.

அதனால முதல்ல ஸ்குவாட், பெஞ்ச், ரோயிங், ஷோல்டர் பிரஸ், தலா 3 செட், 8 முதல் 12 ரெப்ஸ். கடைசி பத்து நிமிஷம் கர்ல், லெக் கர்ல். 12 சுலபமா வந்தா அடுத்த வாரம் இரண்டரை கிலோ ஏத்துங்க. டெட்லிஃப்ட்டில் முதுகு வளைஞ்சா ப்ளேட்டைக் கழட்டுங்க, பக்கத்துல யார் சிரிச்சாலும் சரி.

சாப்பாடு? உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். முட்டை ஒண்ணுல 6 கிராம், பொட்டுக்கடலை 100 கிராமில் சுமார் 20. மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேடிக் கண்டுபிடிச்சா அதையும் கணக்குல சேர்த்துக்கலாம்!