பூட்டிய அலுமாரி நூலகம் ஆகாது

ஒக்டோபர் வந்தால் நாடு முழுவதும் தேசிய வாசிப்பு மாதம். நமது தோட்டப் பாடசாலைகளிலும் பதாகை கட்டுகிறார்கள். பேச்சுப் போட்டி நடக்கிறது, கவிதைப் போட்டி நடக்கிறது, பரிசும் கொடுக்கிறார்கள். நவம்பர் பிறந்ததும் பதாகையைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகிறார்கள். புத்தகங்கள் அந்த அலுமாரிக்குள்தான் இருக்கின்றன. அலுமாரியிலே பூட்டுத் தொங்குகிறது.

எல்லாப் பாடசாலைகளையும் நாம் சொல்லவில்லை. மழையிலும் பனியிலும் மலை ஏறி வந்து, தன் கைக்காசைப் போட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆனாலும் சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போகிற நாங்கள் பூட்டிய அலுமாரிகளை அடிக்கடி பார்க்கிறோம். இதைப் பற்றிப் பேசுவது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். சங்கத்தின் வேலைதான் என்பது எங்கள் கருத்து.

கடந்த வாசிப்பு மாதத்தில் ஒரு தோட்டத்து ஆரம்பப் பாடசாலைக்குக் கிளைத் தலைவியின் அழைப்பில் போயிருந்தோம். அங்கே நூலகம் என்று தனி அறை கிடையாது. தரம் 3 பிள்ளைகளின் வகுப்பில் ஒரு மூலை. தாய்மார் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்கைத் தரையில் விரித்திருந்தார்கள். சுவரில் கயிறு கட்டி, துணி கொழுவுவது போலப் புத்தகங்களைக் கொழுவியிருந்தார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஆசிரியை பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் யாராவது பாடுகிற ஒரு பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். தரம் 4 படிக்கும் ஒரு பிள்ளை தன் அம்மாயி பாடும் தாலாட்டை எழுதி வந்து, எழும்பி நின்று வாசித்தாள். அம்மாயியும் வந்து கதவடியில் நின்றிருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், கைநாட்டு வைப்பவர். பேத்தி வாசித்து முடித்ததும் ஆசிரியையிடம், “டீச்சர், இதெல்லாம் ஒரு பாட்டுன்னு புத்தகத்துல எழுதச் சொல்றீங்களே” என்று சிரித்தார். ஆசிரியை அந்தத் தாலாட்டை முழுதாகக் கரும்பலகையில் எழுதினார். அம்மாயி கிட்டப் போய், தான் பாடிய பாட்டு எழுத்தில் எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “இதுல எந்த இடத்துல எம் பேத்தி பேர் இருக்கு?” என்று கேட்டார். பிள்ளை விரல் வைத்துக் காட்டினாள்.

அன்றைக்கு ஒரு பையன் தானே எழுதியது என்று வாசித்த நான்கு வரி இது:

மழை வந்தா தகரம் பாடும்
அம்மா வந்தா அடுப்புப் பாடும்
ரெண்டும் வராத நேரம்
நானும் தம்பியும் பாடுவோம்

கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய் வீடு வந்து சேரும்வரை, இருட்டுகிற லயத்தில் இரண்டு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை அந்தப் பையன் நமக்குச் சொல்லிவிட்டான். நாம் எத்தனை மகஜர் எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நமது பிள்ளைகள் வெறுங்கையோடு பாடசாலைக்குப் போவதில்லை. தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மாசி மாதத்தில் காமன் கூத்துப் பார்க்க விடிய விடிய முழித்திருந்தவர்கள். பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் தெரிந்தவர்கள். சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்கள். தப்புச் சத்தம் கேட்டால் தாளம் பிசகாமல் காலெடுத்து வைப்பார்கள். இவ்வளவும் கவிதைதான். ஆனால் பாடசாலை வாசலுக்குள் நுழைந்ததும், “அதெல்லாம் லயத்துப் பாட்டு, இங்கே வேண்டாம்” என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். கையில் கிடைக்கும் பல புத்தகங்களில் வயல் இருக்கும், கடல் இருக்கும், பனைமரம் இருக்கும். அவற்றையும் பிள்ளை படிக்கட்டும். ஆனால் தேயிலை மலையும் பிள்ளை மடுவமும் பெரட்டுக்களமும் ஒரு புத்தகத்திலும் இல்லையென்றால், புத்தகம் என்பது வேறு யாரைப் பற்றியோ எழுதுவது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். தன்னைப் பற்றி இல்லாததைத் திறந்து பார்க்க அதற்கு ஆசை வராது.

நம்மைப் பற்றி எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. 1914இல் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் கவிதையாக எழுதினார். நமது மக்கள் பாடிய பாடல்களைத் தேடிச் சேகரித்துத் தந்தவரும் அவரே. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர், தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தவர். குறிஞ்சித் தென்னவன் தோட்டத் தொழிலாளியாக வாழ்ந்துகொண்டே கவிதை எழுதினார். அவர்களுக்கு முன்னரே கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். அந்தப் பாட்டுகள் சிறு புத்தகமாக அச்சாகி வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் சங்கம் என்ற சொல்லைக் கொண்டு போனதில் பாட்டுக்கும் பங்கு உண்டு. இந்தப் பெயர்கள் நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் ஒரு தோட்டத் தலைவர் எங்களிடம் கேட்ட கேள்வியை மறைக்காமல் சொல்லவேண்டும். “சம்பளம் பத்தல, லயம் ஒழுகுது, இதுல கவிதை என்னாத்துக்குங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சம்பளத்துக்கும் வீட்டுக்கும் காணிக்கும் நாம் தொடர்ந்து போராடுவோம். அதில் மாற்றம் இல்லை. ஆனால் மாதம் முடிந்து கையில் வருகிற சம்பளத் துண்டை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர் ஆனது, சேமலாப நிதிக்கு எவ்வளவு போனது, வேறு என்ன என்ன கழித்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்த தலைமுறைகள் நம்முடையவை. வாசித்துப் பார்த்து “இது ஏன் கழிந்தது?” என்று கேட்க ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் கதை வேறு. அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு சம்பளத் துண்டில் தொடங்காது. தாலாட்டிலும் முயல் கதையிலும்தான் தொடங்கும். எழுத்தில் ருசி கண்ட பிள்ளைதான் எழுத்துக்குப் பயப்படாமல் வளரும்.

இன்னொரு பக்கத்தில் ஆசிரியர்கள் சொல்வது புலமைப்பரிசில் பரீட்சை. தரம் 5 வருவதற்குள் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து முடிக்கவேண்டும், கதைப் புத்தகத்துக்கு எங்கே நேரம் என்கிறார்கள். பெற்றோராகிய நாமும் அதையேதான் கேட்கிறோம். ஆனால் வினாவை வாசித்து விளங்கிக்கொள்வதே பல பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது வினாத்தாளை மட்டும் படித்து வருகிற பழக்கம் அல்ல. பரீட்சையில் சித்தியடையாத பிள்ளைகளையும் நாம் மறந்துவிடக் கூடாது. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். அவர்களுக்கும் ஆயுளுக்கும் உதவுகிற ஒன்றை ஆரம்பப் பாடசாலை கொடுத்து அனுப்பவேண்டும்.

நமக்குக் கல்வி பிந்தித்தான் வந்தது. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். நூலகமும் அப்படித்தான். பொது நூலகங்களை நடத்துவது பிரதேச சபைகள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை பணம் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. வாக்கு நம்முடையது, நூலகம் நகரத்தாருடையது என்று முப்பது வருஷம் போனது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனிமேல் “சட்டத்தில் இடமில்லை” என்று எந்தச் சபையும் நம்மிடம் சொல்ல முடியாது.

ஆகவே நாம் செய்யவேண்டியவை என்று சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, அலுமாரியைத் திறக்கச் சொல்லுவோம். அதிபர்மார் ஏன் பூட்டுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ இருப்புக் கணக்கெடுக்கும் நாளில் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள். அந்தப் பயத்தைப் போக்குவது பெற்றோரின் கையில் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நமது பெற்றோர் எழும்பி, “வாசித்துக் கிழிந்த புத்தகத்துக்கு நாங்கள் பொறுப்பு, ஒட்டியும் தருகிறோம்” என்று சொல்லித் தீர்மானம் எழுதவேண்டும். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கட்டும். கறையான் தின்று அழிகிற புத்தகத்தைவிடப் பிள்ளை கையில் கிழிகிற புத்தகம் மேல்.

இரண்டாவது, ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு பாட்டுக் கொப்பி வேண்டும். நமது தோட்டத்து மூத்தவர்கள் பாடுகிற தாலாட்டு, கும்மி, கூத்துப் பாட்டு, விடுகதை எல்லாவற்றையும் பிள்ளைகள் கேட்டு அதில் எழுதவேண்டும். பாடியவர் பெயரையும் எழுதவேண்டும். அந்தக் கொப்பியும் நூலகத்துப் புத்தகங்களோடு ஒரு புத்தகமாக இருக்கட்டும். மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு போகிற பாட்டைப் பிறகு எந்த அமைச்சிடமும் கேட்டு வாங்க முடியாது.

மூன்றாவது, பிரதேச சபையில் இருக்கும் நமது உறுப்பினர்களிடம் ஒன்று கேட்போம். பொது நூலகத்திலிருந்து தவணைக்கு ஒரு பெட்டி சிறுவர் புத்தகம் தோட்டப் பாடசாலைகளுக்கு வரவேண்டும். தவணை முடிந்ததும் பெட்டி அடுத்த பாடசாலைக்குப் போகட்டும். வாக்குக் கேட்டு வருகிறபோது மலை ஏறுகிற வாகனத்துக்குப் புத்தகப் பெட்டி பாரமாக இருக்காது.

நான்காவது, நமது சங்கமே செய்யவேண்டியது. கிளைக் கூட்டம் தொடங்கும்போது பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒரு பிள்ளையை ஒரு கவிதையோ பத்திரிகைச் செய்தியோ வாசிக்கச் சொல்லுங்கள். இந்தச் செய்திமடலையே வாசிக்கச் சொன்னாலும் சரி. வாசிப்பது பெரியவர்கள் மதிக்கிற காரியம் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

கடைசியாக, தாய்மாருக்கு ஒரு வார்த்தை. “எங்களுக்குப் படிக்கத் தெரியாதே, பிள்ளைக்கு நாங்க என்னத்தச் சொல்லிக் கொடுக்க?” என்று நீங்கள் கேட்பது எங்களுக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்கவேண்டாம். அடுப்படியில் இருக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். “அப்புறம் என்னாச்சு?” என்று ஒரு தரம் கேளுங்கள். அது போதும். கேட்க ஆள் இருக்கிற பிள்ளை வாசிக்கும்.

அந்தத் தரம் 3 வகுப்பின் மூலையில் கயிறு இன்னும் கட்டித்தான் இருக்கிறது. ஒக்டோபர் முடிந்த பிறகும் புத்தகத்தைக் கழற்றவேண்டாம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள். அதிபரும் சரி என்றார். ஒரு தோட்டத்தில் முடிந்தது மற்றத் தோட்டங்களிலும் முடியும். இந்த மாதக் கிளைக் கூட்டத்தில் மற்ற விஷயங்களோடு இதையும் எடுத்துப் பேசுங்கள். உங்கள் தோட்டத்துப் பாடசாலையில் அலுமாரி திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். உங்களால் எழுத முடியாவிட்டால், பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.