வாத்தியாருக்கு மார்க்கு! சம்பளத்துக்கு நாமம்!

தேசிய மதிப்பீட்டு அங்கீகாரக் குழு 2017 முதல் கல்லூரி மாணவர்களிடம் கேள்விப் படிவம் நீட்டுகிறது. பாடம் எவ்வளவு முடிந்தது? ஆசிரியர் தயாரித்துக்கொண்டு வந்தாரா? விளங்கச் சொன்னாரா? நல்ல கேள்விகள்தான், நாம் மறுக்கவில்லை. ஆலைத் தொழிலாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும் விரும்புவது இதைத்தான். சந்தேகம் கேட்டால் சீறாமல் மறுபடி சொல்ல வேண்டும். திருத்திய தாளைக் கையில் கொடுத்துத் தவறைக் காட்ட வேண்டும். அடுத்த பருவத்திலும் அதே ஆசிரியர் இருக்க வேண்டும்.

இருப்பாரா? தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோரில் ஆயிரக்கணக்கானவர்கள் 'கௌரவ' விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரோடு சரி! மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொல்லிற்று. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் சர்க்கார் அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை. அதுவும் வருஷத்துக்கு 11 மாதம்தான்!

தோழர்களே, ஆலை வாசலில் காத்து நிற்கும் பதிலியை நமக்குத் தெரியும். இவரும் பதிலிதான், எம்.ஏ. படித்த பதிலி. அந்த மாதம் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? படிவத்தில் அந்தக் கேள்வியை மட்டும் காணோம்!

காலி இடங்களில் நிரந்தர ஆசிரியரை நியமி என்று மாணவர்கள் கொடி பிடித்தால், நமது சங்கங்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும்.