கிட்னி வீங்குவது யார் சாபத்தால்?

தகப்பன் ஐம்பது வயதை ஒட்டிக் கிட்னி கெட்டு மாண்டான், பிறகு மூத்த மகனும் அப்படியே மாண்டான் என்றால், நமது ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் என்ன சொல்லுகிறார்கள்? "பாட்டன் பாம்புப் புற்றை இடித்த பாவம்" என்கிறார்கள். ஜோசியன் நாகதோஷம் என்று காளஹஸ்திக்கு அனுப்புகிறான். அதுவும் பலிக்காவிட்டால், வீட்டுக்கு வந்த மருமகளின் ராசி என்று அந்தப் பெண்ணின் தலையில் பழியைப் போடுகிறார்கள். இதைவிட அக்கிரமம் உண்டா?

உண்மை என்ன? இது கிட்னியில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை வியாதி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், சரிபாதி வாய்ப்பில் இறங்கும். இதற்கு முக்கியக் காரணமான ஜீனை 1994இல் கண்டுபிடித்தார்கள். அது 16வது குரோமோசோமில் இருக்கிறது; ஜாதகத்தின் எட்டாம் வீட்டில் அல்ல! நேற்று வந்த மருமகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"இரத்தம் பார்த்தோம், கிரியேட்டினின் சரியாயிருக்கிறது" என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். மோசம் போவது இங்கேதான். கட்டிகள் வளர்ந்து கொண்டிருந்தாலும், மிச்சமுள்ள நல்ல பாகம் அதிகமாய் உழைத்துப் பல வருஷம் கணக்கைச் சரிக்கட்டிவிடும். இரத்தம் பேசாத காலத்தில் பேசுவது கிட்னியின் அளவே. அமெரிக்காவில் 232 நோயாளிகளை எம்.ஆர்.ஐ. படமெடுத்து 3 வருஷம் அளந்தார்கள். கிட்னி வருஷத்திற்குச் சராசரி 5 சதவிகிதத்துக்கு மேல் பெருத்தது. இரண்டும் சேர்ந்து 1500 மில்லிலிட்டரைத் தாண்டினவர்களுக்கு அதன் வேலைத்திறன் குறைந்து வந்தது. இது 2006இல் வெளியாயிற்று. நல்ல கிட்னி இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 300தான். அந்த அமெரிக்கர்கள் எந்தப் புற்றை இடித்தார்கள்?

அளப்பதில் மந்திரமில்லை. நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கி, அதில் பாதிக்குச் சற்று மேல் எடுத்தால் ஏறக்குறைய அளவு கிடைக்கும். தறியில் முழம் போடும் நமக்கு இது புரியாதா?

வயிற்றிலிருப்பது பெண்ணா என்று பார்க்க ஸ்கேனுக்கு ஓடினார்கள்; அதைத் தடுக்க 1994இல் சட்டமே போட வேண்டியதாயிற்று. அதே ஸ்கேனில் தன் கிட்னியைப் பார்க்கச் சொன்னால், "தங்கை கல்யாணம் தட்டிப்போகும்" என்கிறார்கள். மறைத்தால் வியாதி மறையுமா?

அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் இளவயதிலேயே இரத்த அழுத்தத்தை நன்றாய்க் குறைத்து வைத்தால் வீக்கம் மெதுவாகிறது என்று 2014இல் நிரூபித்தார்கள். வேகமாய் வீங்குகிறவர்களுக்கு அந்த வேகத்தைத் தணிக்கும் மருந்தும் உண்டு. யாருக்கு வேகம் என்பதை அளந்தால்தானே தெரியும்?

பரிகாரம் செய்து ஒரு மில்லிலிட்டராவது குறைந்ததாக எந்த ஜோசியனாவது படமெடுத்துக் காட்டட்டும். பிறகு நாமும் காளஹஸ்திக்கு வருகிறோம்!