எஜமான் சிரித்தால் தமாஷ். கூலி சிரித்தால் குற்றமா?

"தொழிலாளிக்கு மரியாதையாகப் பேசத் தெரியாது; வாயைத் திறந்தால் நக்கலும் நையாண்டியும்தான்" என்று அங்கலாய்க்கிறார்கள் சில கனவான்கள். அவர்கள் சொல்வது பாதி உண்மை. நமக்கு நையாண்டி வரும். அது ஏன் வருகிறது, யாரைச் சுடுகிறது என்பது மீதிப் பாதி. அதைப் பற்றி மட்டும் அவர்கள் வாய் திறப்பதில்லை!

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் பாருங்கள், தோழர்களே! கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, பகடி, பரிகாசம், எள்ளல். கோவைப் பக்கம் போனால் குசும்பு. ஆனால் ஒரு மில் தொழிலாளி மேஸ்திரியைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டால், இந்தப் பெயர்களில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்காது. 'எகத்தாளம்', 'திமிர்', 'வாய்க்கொழுப்பு' என்று பெயர் மாறிவிடும். மானேஜர் தொழிலாளியின் ஊரை, சாதியை, கிழிந்த சட்டையைச் சொல்லிச் சிரித்தால் அது தமாஷ்! சுற்றி நிற்பவர்களும் சேர்ந்து சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அதுவும் திமிர்தான்.

நையாண்டியைத் தரங்கெட்ட பேச்சு என்று தள்ளும் பண்டிதர்கள் தொல்காப்பியத்தையாவது புரட்டிப் பார்க்கட்டும். சிரிப்புப் பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லி, எள்ளலை முதலில் வைக்கிறது அந்த நூல். வசைக்கு அங்கதம் என்று பெயரிட்டு, அதை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது செம்பொருள். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு. "எங்கள் ஐயா தர்மப்பிரபு, கூலி கேட்டால் ஆசீர்வாதம் அள்ளித் தருவார்" என்று களத்துமேட்டில் ஒரு கிழவி சொல்கிறாளே, அது பழிகரப்பு அல்லாமல் வேறென்ன? இலக்கணம் படித்தா அவள் அதைக் கற்றாள்? இல்லை. நேருக்கு நேர் வைதால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தஞ்சைச் சீமையில் பண்ணையாள் முறை இருந்த காலத்தில் கிடைத்தது சவுக்கடியும் சாணிப்பாலும்!

தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவுக்குக் கட்டியம் கூற வருகிறவன்தான். ஆனால் விடிவதற்குள் அந்த ராஜாவை எத்தனை தடவை சந்திக்கு இழுத்துவிடுகிறான்! தெற்கே கரகத்துக்கு வாசிக்கும் மேளத்துக்கே நையாண்டி மேளம் என்றல்லவா ஜனங்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்?

இந்தச் சிரிப்புக்கு அதிகாரம் எப்படி நடுங்கும் என்பதற்கு 1876-ம் வருஷத்துக் கல்கத்தாவைப் பாருங்கள். இங்கிலாந்து இளவரசர் அங்கே வந்தார். ஒரு பெரிய வக்கீல் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அவரை அழைத்துப்போய், பெண்களைக் கொண்டு வரவேற்பு நடத்தினார். கிரேட் நேஷனல் தியேட்டர் என்ற நாடகக் குழு அந்த வக்கீலைக் கிண்டல் செய்து மேடையில் போட்டது. போலீஸ் தடுத்தது. பெயரை மாற்றி மறுபடி போட்டார்கள். அதற்கும் தடை. உடனே போலீஸையே மேடைக்கு இழுத்தார்கள்! கமிஷனரின் பெயர் ஹாக். சூப்பரின்டெண்டின் பெயர் லாம்ப். காதில் விழும்போது ஒன்று பன்றி, மற்றொன்று ஆட்டுக்குட்டி. 'பன்றி, ஆடு போலீஸ்' என்றே அந்த நையாண்டிக்குப் பெயர்! சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்ன செய்தது? வைஸ்ராய் நார்த்புரூக் பிப்ரவரியிலேயே அவசரச் சட்டம் போட்டார். வருஷம் முடிவதற்குள் அது நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமாயிற்று. ஒரு பன்றிக்கும் ஒரு ஆட்டுக்குட்டிக்கும் அஞ்சி வந்த சட்டம் அது. வெள்ளையன் போன பிறகும் போகாமல், 2018-ல்தான் ரத்தாயிற்று.

வெள்ளையனோடு விட்டதா? 1954-ல் சென்னை சர்க்கார் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் அதற்குக் குறி. 2013-ல்தான் ஹைகோர்ட் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. 1987-ல் எம்.எல்.ஏ.வை ஜேப்படிக்காரனுக்கும் மந்திரியைக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்ட ஒரு அட்டைப்படத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அங்கே அதற்குப் பெயர் 'உரிமை மீறல்'. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அவரை விட்டார்கள். 2015-ல் சாராயக் கடைகளை மூடச் சொல்லிப் பாடிய கோவன் மேல் ராஜத்துரோக வழக்கு!

2017 அக்டோபரில் நடந்ததைத் தமிழ்நாட்டு உழைப்பாளி எவனும் மறந்திருக்க முடியாது. கந்துவட்டிக் கொடுமை தாங்காமல், மனுமேல் மனுக் கொடுத்தும் பலனில்லாமல், ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலிலேயே தீயில் வெந்து மடிந்தார். கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் போட்டார். குழந்தை எரிகிறது, முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரும் நோட்டுக் கட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மனுக்களைக் கண்டு அசையாத நிர்வாகம் படத்தைக் கண்டதும் என்ன வேகம் காட்டியது! கலெக்டர் புகார் கொடுக்கிறார். போலீஸ் சென்னைக்கு வந்து ஆளைப் பிடித்து நெல்லைக்குக் கொண்டுபோகிறது. ஆபாசம் என்றார்கள். எது ஆபாசம்? எரிந்த குழந்தையா, வரைந்த கோடா?

"அப்படியானால் யாரும் யாரையும் கேலி செய்யலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; நம் பக்கத்திலேயே அதைக் கேட்க வேண்டும். ஷிப்ட் முடிந்து டீக்கடையில் கூடும்போது, கால் ஊனமானவருக்கு 'நொண்டி' என்று பட்டப்பெயர். பக்கத்து மிஷின்காரரின் சாதியைச் சொல்லி ஒரு குத்தல். வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றி ஒரு கொச்சைப் பேச்சு. கேட்டால், "சும்மா கிண்டல்" என்கிறார்கள். மானேஜரின் 'தமாஷ்' இதைவிட எந்த விதத்தில் வேறு? மேஸ்திரி வரும்போது வாயை மூடிக்கொண்டு, கூட வேலை செய்பவனிடம் நாக்கைத் தீட்டுகிறவனுக்கு நையாண்டி என்ற சொல்லைத் தொட அருகதை இல்லை. மேஸ்திரிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ராஜத்துரோகம் என்ற பழைய பெயர் 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. சரக்கு 152-ம் பிரிவில் வேறு பெயரில் இருக்கிறது. அவதூறு 356-ம் பிரிவில் பத்திரமாக இருக்கிறது: இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு புதுச் சலுகையும் உண்டு. சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை செய்யச் சொல்லலாமாம்! கலெக்டர் ஆபீஸ் வாசலில் நடந்ததை ஊருக்குப் படம் போட்டுக் காட்டியவர் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைத்தார்களோ, இந்தச் சட்டம் எழுதிய மேதாவிகள்?