மூன்று முறை வெளியேற்றப்பட்ட பிரபு

1951இல் போச்சம்பள்ளியில் வினோபா பாவே நிலம் கேட்டபோது முதன்முதலாக 100 ஏக்கர் கொடுத்த ராமச்சந்திர ரெட்டியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே ஹங்கேரியில் ஒரு பிரபு, அதுவும் குடியரசுத் தலைவர் பதவியில் இருந்துகொண்டே, தம் பண்ணை நிலத்தை உழவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். மிஹாய் காரோயி என்பது அவர் பெயர். (அவர்கள் நாட்டு முறைப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும், காரோயி மிஹாய் என்றுதான் சொல்வார்கள். இனிஷியல் எது, பெயர் எது என்று இங்குள்ள அலுவலகங்களில் விளக்கி விளக்கி அலுத்துப்போன நமக்கு இது எளிதில் புரியும்.) அந்த மனிதருக்கு அவர் நாடு செய்த மரியாதை சரிதானா என்பதே என் கேள்வி. சரியில்லை என்பது என் துணிபு.

காரோயி 1875இல் பிறந்தார். ஹங்கேரியின் மிகப் பெரிய நிலப்பிரபுக்களின் குடும்பம் அது. பிறவியிலேயே அண்ணப் பிளவு. பதினான்கு வயதில் அறுவை சிகிச்சை நடக்கும் வரை சரியாகப் பேச வராது. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் குரலாக ஆனார். பிரதமர் இஷ்ட்வான் திஸாவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். 1913இல் இருவரும் வாளெடுத்து ஒற்றைக்கு ஒற்றை மோதியே விட்டார்கள்! காரோயிக்குத்தான் காயம்.

மறு ஆண்டு உலகப் போர் மூண்டது. திஸா முதலில் தயங்கினார், பிறகு இணங்கினார். காரோயியோ ஜெர்மனியோடு சேர்ந்து நிற்பது நாட்டுக்குக் கேடு என்று சொன்ன சிலரில் ஒருவர். போர் நீள நீள, சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டவர். 1918 அக்டோபரில் எல்லாம் குலைந்தபோது மக்கள் அவரைத்தான் தேடினார்கள். பிரதமரானார், நவம்பர் 16 அன்று குடியரசு பிறந்தது, 1919 ஜனவரியில் அதன் தலைவரும் ஆனார். பிப்ரவரியில் வந்த நிலச் சட்டம் 500 ஹோல்டுக்கு, அதாவது நம் கணக்கில் சுமார் 700 ஏக்கருக்கு, மேற்பட்ட பெரும் பண்ணைகளைப் பிரித்துக் கொடுக்க வழி செய்தது. அதே மாதம் 23ஆம் தேதி காபோல்னா என்ற ஊரில் தம் சொந்த நிலத்திலேயே அதைத் தொடங்கி வைத்தார்.

சட்டம் போட்டுவிட்டுத் தம் நிலத்தை மட்டும் மைத்துனன் பெயரிலும் மாமன் பெயரிலும் எழுதி வைக்கும் வித்தையை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். அதனால்தான் இந்த ஒரு காரியம் என் மனத்தில் இவ்வளவு பெரிதாக நிற்கிறது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 20 அன்று பிரெஞ்சு அதிகாரி விக்ஸ் ஒரு கடிதம் கொண்டுவந்து நீட்டினார். கிழக்கே இன்னும் பின்வாங்குங்கள் என்பது நேச நாடுகளின் உத்தரவு. மறுக்கப் படை இல்லை, ஏற்க மனமும் இல்லை. காரோயி அரசு விலகியது. ஆட்சி பேலா குன்னின் கம்யூனிஸ்டுகளிடம் போனது. ஜூலையில் காரோயி நாட்டை விட்டு வெளியேறினார். 1920இல் திரியனான் ஒப்பந்தம் ஹங்கேரியின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பறித்துக்கொண்டது. அந்தப் பழி முழுவதும் ஊரில் இல்லாதவர் தலையில் விழுந்தது. துரோகி என்று தீர்ப்பெழுதி, மீதமிருந்த சொத்தையும் பறிமுதல் செய்தார்கள்.

அவர் பக்கம் பிழையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அமெரிக்க அதிபர் வில்சனின் வாக்குறுதிகளை அவர் அளவுக்கு மீறி நம்பினார். எல்லையில் அண்டை நாட்டுப் படைகள் நிற்கையில் இருந்த படையைக் கலைய விட்டார். ஆனால் நான்காண்டுப் போரில் தோற்ற நாட்டின் எல்லையை, ஐந்து மாதம் ஆண்டவரா இழந்தார்? வீடு எரிந்த பிறகு தண்ணீர்க்குடத்தோடு ஓடி வந்தவனைப் பிடித்துக் கட்டிவைத்த கதைதான் இது.

பிறகு 27 ஆண்டு அந்நிய வாசம். செக்கோஸ்லோவாகியா, இத்தாலி, யுகோஸ்லாவியா, பாரிஸ், லண்டன் என்று அலைச்சல். இத்தாலி 1921இல் வெளியேற்றியது. 1925இல் அமெரிக்காவில் நோயுற்றிருந்த மனைவியைப் பார்க்கப் போனபோது, அரசியல் பேசக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் உள்ளே விட்டார்கள். அந்த மனைவி கதின்காவும் லேசுப்பட்ட குடும்பம் அல்ல; ஹங்கேரியின் பிரதமராக இருந்த அந்த்ராஷி பிரபுவின் பேத்தி. மாளிகையில் வளர்ந்த அந்த அம்மாள் கடைசி வரை கணவரோடு நின்றார்.

1946இல் ஹங்கேரி மீண்டும் குடியரசானபோது நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் காரோயியின் பெருமையை மீட்டது. அவரும் திரும்பினார்; 1947இல் பாரிஸில் தூதரானார். கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கிய அரசுக்கு ஏன் தூதராகப் போனார் என்று இன்றும் கேட்கிறார்கள். கேட்கட்டும். 1949இல் அமைச்சர் லாஸ்லோ ராய்க்கின் மீது பொய்க் குற்றம் சுமத்தி அந்த அரசு விசாரணை நடத்தியபோது, 74 வயதில் பதவியை உதறிவிட்டு இரண்டாம் முறை அகதியானார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? வலதுசாரிகளுக்கு அவர் துரோகி, இடதுசாரிகளுக்கும் துரோகி. 1955இல் பிரான்சின் வான்ஸ் என்ற சிற்றூரில் கண்மூடினார். 1962இல்தான் உடல் புடாபெஸ்ட் வந்தது.

இனி மூன்றாவது வெளியேற்றம். 1975இல் நாடாளுமன்றத்தின் அருகே, கோஷுத் சதுக்கத்தில், சிற்பி இம்ரே வார்கா வடித்த காரோயியின் சிலை எழுந்தது. கைத்தடி ஊன்றிய முதியவர், தலைக்கு மேல் பிளந்து நிற்கும் ஒரு வளைவு. சதுக்கத்தை 1944க்கு முந்திய தோற்றத்துக்கு மாற்றுகிறோம் என்று 2012 மார்ச்சில் அதைப் பெயர்த்துவிட்டார்கள். 2014இல் அதே சதுக்கத்தில் யாருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள் தெரியுமா? வாளெடுத்து மோதிய அதே திஸாவுக்கு!

டில்லியில் இந்தியா கேட் அருகிலிருந்து 1968இல் ஐந்தாம் ஜார்ஜ் சிலையை அகற்றியதை நான் ஆதரிக்கிறேன். அவர் வந்து ஆண்டவர். காரோயி அப்படியா? திஸாவுக்குச் சிலை வைப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. வேண்டுமானால் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கலாம். பார்க்கிற பிள்ளைகள் யார் இவர்கள் என்று கேட்டிருப்பார்கள்.

நம் அன்பர்களில் சிலர் இப்போது பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போய்வருகிறார்கள். புடாபெஸ்ட் போனால் பெத்தோஃபி இலக்கிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அது காரோயி குடும்பத்தின் பழைய மாளிகை. சிலையைப் பார்க்க வேண்டுமென்றால் தென்மேற்கே ரயிலேறி, பாலட்டோன் ஏரிக்கரையில் சிற்பி வார்கா பிறந்த ஊரான சியோஃபோக்குக்குப் போகவேண்டும். வளைவோடும் கைத்தடியோடும் பெரியவர் இப்போது அங்கேதான் இருக்கிறார்.