பூட்டைத் திருப்பிப் பார்க்கும் ஊரில் ஹெட்போனைக் கேட்காமல் வாங்குவதா?

திண்டுக்கல்லில் பூட்டு வாங்க வருகிறவர், பூட்டை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போவது இல்லை. சாவியைப் போட்டு நாலு தடவை திருப்புவார். கொண்டியை இழுத்துப் பார்ப்பார். மணிப் பூட்டாக இருந்தால் மணி அடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அதற்குப் பிறகுதான் காசு கை மாறும்.

ஊரோடு ஒட்டிய பழக்கம் அது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருப்பிப் பார்த்து வாங்குகிற ஆள் இருந்ததால்தான் அந்தக் கைவேலை இத்தனை காலம் தரம் குறையாமல் நின்றது.

அதே ஆள் பூட்டுக் கடையை விட்டு இறங்கி, பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கிற செல்போன் கடைக்குப் போகிறார். 700 ரூபாயோ, 1,500 ரூபாயோ கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்குகிறார். காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தாரா? அதுதான் இல்லை!

"அண்ணே, பாஸ் நல்லா இருக்குமா?"

"தூள் கிளப்பும் தம்பி. வாங்கிட்டுப் போங்க!"

பேச்சு அவ்வளவுதான். வியாபாரம் முடிந்தது.

வீட்டுக்குப் போய்க் காதில் மாட்டினால், பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது பாட்டு. 'தொம் தொம்' என்று ஒரே இடி. பாடுகிறவரின் குரல் எங்கேயோ அடியில் கிடக்கிறது. இரண்டு மாதத்தில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மதுரைக்கு ரெயிலில் தினமும் போய் வரும் குமாஸ்தாவுக்கும், வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்கு ஷிப்டு போகிறவருக்கும், கடைச் சிப்பந்திக்கும் அது ஒரு நாள், இரண்டு நாள் சம்பளம். அந்தக் காசுக்கு நல்ல பொருள் கிடைக்காதா? கிடைக்கும். கேட்டு வாங்கினால் கிடைக்கும்.

பாஸ் என்றால் இடி அல்ல

முதலில் இந்த 'பாஸ்' என்பது என்ன? மனிதக் காதுக்கு வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20 ஆயிரம் அதிர்வு வரை உள்ள ஒலி கேட்கும். அதில் அடிப்பகுதி, ஏறக்குறைய 250 அதிர்வு வரை உள்ளது, பாஸ். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், உறுமியின் உறுமல் எல்லாம் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை.

பிரியாணியில் பட்டை, கிராம்பு வாசம் தெரிய வேண்டும். ஆனால் அது சீரகச் சம்பா அரிசியின் மணத்தை அமுக்கிவிடக் கூடாது. திண்டுக்கல்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை. பாஸும் அப்படித்தான். உறுமி அடித்தால் தோல் அதிர்வது தெரிய வேண்டும். அடி முடிந்ததும் சத்தமும் நிற்க வேண்டும். அடுத்த அடி வரும் வரை 'கொய்ங்...' என்று இழுத்தால் அது பாஸ் அல்ல, இரைச்சல்.

மலிவான ஹெட்போன்கள் பலவற்றில் இந்த மசாலாவை அள்ளிக் கொட்டுகிறார்கள். காரணம் இருக்கிறது. ஒரு நிமிடம் கேட்டால் அதுதான் ஆளை இழுக்கும். அரை மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும்!

இன்னொரு சங்கதி. காதுக்குள் நுழைகிற இயர்போனில், ரப்பர் மூடி காதை ஒட்டி அடைக்காவிட்டால் பாஸ் முழுவதும் கசிந்து ஓடிவிடும். பெட்டிக்குள் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று ஜோடி மூடிகள் கொடுப்பது இதற்காகத்தான். அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டு, "பாஸே இல்லைங்க" என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. மூடியை மாற்றிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்பதும் இல்லை. காசு செலவில்லாத வைத்தியம் இது.

மேளம் எந்தப் பக்கம்?

கோட்டை மாரியம்மன் கோவில் திருவிழாவில் மேளக் கச்சேரி நடக்கிறது என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் நாதசுரம் நடுவில், தவில் வலப்பக்கம், தாளம் பின்னால் என்று விரல் நீட்டிச் சொல்லிவிடலாம். அந்த 'இடம் தெரிகிற' குணத்தைத்தான் 'சவுண்ட் ஸ்டேஜ்' என்கிறார்கள். ஒலி மேடை என்று வைத்துக்கொள்ளலாம்.

பாட்டை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்யும் ஸ்டீரியோ முறைக்கு 1931-ல் காப்புரிமை கேட்டு மனுச் செய்தவர் இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன். ஒலிபெருக்கியில் கேட்கும்போது இடப்பக்கத்துச் சத்தம் வலது காதுக்கும் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். அதை வைத்து மூளை கணக்குப் போடுகிறது. ஹெட்போனில் அந்தக் கலப்பு இல்லை. இடது காதுக்கு இடது மட்டும், வலது காதுக்கு வலது மட்டும். அதனால்தான் பாட்டு மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

இதற்கு ஓரளவு பரிகாரம், முதுகுப் பக்கம் திறந்த ஹெட்போன். சல்லடை போல ஓட்டை விட்டிருப்பார்கள். காற்று போய் வரும். சத்தம் வெளியில் இருந்து வருகிற மாதிரி இருக்கும். ஜெர்மனியின் ஸென்ஹைசர் கம்பெனி 1968-ல் இந்த வகையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் காஸ் கம்பெனி 1984-ல் விட்ட 'போர்ட்டா புரோ' என்ற இலேசான திறந்த ஹெட்போனுக்கு 40 வருடம் கழித்தும் ஆள் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 1960-களின் சினிமாப் பாட்டுகள் 'மோனோ' பதிவு. இரண்டு காதிலும் ஒரே ஒலிதான். 10 ஆயிரம் ரூபாய் ஹெட்போனில் கேட்டாலும் அந்தப் பாட்டு விரியாது. அது பாட்டின் குற்றமும் அல்ல, ஹெட்போனின் குற்றமும் அல்ல. இளையராஜா இசை அமைத்த 'ப்ரியா' (1978), ஸ்டீரியோவில் பதிவான தமிழ்ப் படப் பாடல்களில் முன்னோடி. அதற்குப் பிறகு வந்த நல்ல ஸ்டீரியோ பாட்டில்தான் ஒலி மேடையைச் சோதிக்க வேண்டும்.

மூன்றும் ஒரே பெட்டியில் வராது!

விரிந்த மேடை, நிறைந்த பாஸ், வெளிச் சத்தம் கேட்காத அடைப்பு. இந்த மூன்றும் மலிவு விலையில் ஒரே பெட்டியில் கிடைக்காது. ஆகவே "எது நல்ல ஹெட்போன்?" என்று கேட்பதற்கு முன்னால், "எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறோம்?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரவு எல்லாரும் தூங்கிய பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்கிறவரா? திறந்த வகை வாங்கலாம். மேடை விரியும். பாஸ் கொஞ்சம் குறையும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குப் பாட்டு கசியும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பஸ், ரெயிலில் கேட்கிறவரா? திறந்த வகை வீண் செலவு. பஸ் என்ஜின் சத்தம் முழுவதும் உள்ளே வந்துவிடும். காதை அடைக்கும் இயர்போனோ, காதைச் சுற்றி மூடும் ஹெட்போனோதான் சரி. பாஸ் நிற்கும். மேடை சுருங்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கையில் காசு குறைவு என்றால் ஒயர் வைத்ததை வாங்குவதே புத்திசாலித்தனம். புளூடூத் கருவியில் கொடுக்கிற காசு பேட்டரிக்கும், ரேடியோ சில்லுக்கும், சார்ஜ் டப்பாவுக்கும் பங்கு போகிறது. ஒயர் இயர்போனில் அந்தப் பங்காளிகள் இல்லை. சிறு இயர்பட்ஸில் பேட்டரி செத்தால் பெரும்பாலும் மாற்றவும் முடியாது. கழற்றி மாட்டும் ஒயராக இருந்தால் இன்னும் நல்லது. ஒயர் போனால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போனில் பழைய வட்டத் துளை இல்லையே என்கிறவர்களுக்கு டைப்-சி இயர்போன் வந்துவிட்டது.

பெட்டி மேல் எழுதிய கதை

பெட்டியில் 'ஈ.என்.சி.' என்று போட்டிருந்தால் பஸ் இரைச்சல் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தவறு! அது மைக்குக்கு உரிய வசதி. பேசுகிறவரைச் சுற்றியுள்ள இரைச்சல் அந்தப் பக்கம் கேட்பவருக்குப் போகாமல் தடுக்கும். பாட்டு கேட்கிறவரின் காதுக்கு அதனால் லாபம் இல்லை. அதற்கு 'ஏ.என்.சி.' வேண்டும். அதுவும் என்ஜின் உறுமல் போன்ற ஒரே சீரான சத்தத்தைத்தான் நன்றாக அடக்கும். பக்கத்து சீட்டுக்காரர் பேச்சை அடக்காது.

'10 முதல் 40 ஆயிரம் அதிர்வு' என்று போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். காதுக்கே எட்டாத சத்தத்துக்கு எதற்குக் காசு? 'பெரிய டிரைவர்' என்பதும் அப்படித்தான். பானை பெரிசாக இருந்தால் சோறு ருசிக்கும் என்று யாராவது சொல்வார்களா?

பார்க்க வேண்டியது வேறு. புளூடூத் ஹெட்போன், இயர்போனுக்கு இந்தியத் தர நிறுவனமான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருக்குக் கொடுத்த எண் என்று தெரிந்துவிடும். அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி ஆகியவையும் இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டி எவ்வளவு பளபளத்தாலும் கீழே வையுங்கள்.

கடையில் மூன்று பாட்டு

மனப்பாடமாகத் தெரிந்த மூன்று பாட்டுகளைப் போனில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒன்று, வாத்தியம் குறைவாக, குரல் முன்னால் நிற்கிற பாட்டு. பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறதா? இரண்டு, உறுமியோ தவிலோ முழங்குகிற பாட்டு. அடி தனித்தனியாக விழுகிறதா? மூன்று, வயலின் கூட்டமும் கோரஸும் உள்ள ஸ்டீரியோ பாட்டு. எது எந்தப் பக்கம் என்று சொல்ல முடிகிறதா?

சத்தத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள், குறைத்துப் பாருங்கள். மெதுவாக வைத்தபோதும் பாட்டு முழுசாகக் கேட்டால் அது நல்ல ஹெட்போன். சத்தமாக வைத்தால் எல்லாமே நன்றாக இருக்கிற மாதிரித்தான் தோன்றும்.

"சீல் பிரிச்சா யாருங்க வாங்குவா? நீங்க காதுல வச்சதை அடுத்தவர் வைப்பாரா?" என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு வழி, ஒவ்வொரு ரகத்திலும் ஒரு மாதிரிக் கருவியை மேஜை மேல் வைப்பது. பக்கத்தில் பஞ்சும் ஸ்பிரிட்டும், மாற்று ரப்பர் மூடிகளும் போதும். துணிக் கடையில் புடவையைப் பிரித்துப் போடுகிறார்கள். மாம்பழக் கடையில் ஒரு துண்டு அறுத்துத் தருகிறார்கள். ஹெட்போன் கடைக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? ஆன்லைனில் வாங்கினால் காதில் வைத்துப் பார்க்க முடியாது. அந்த ஒரு வசதியைக் கடைக்காரர் கொடுத்தால் வாடிக்கை அவர் கடைக்குத்தானே திரும்பும்?

பில் வாங்காமல் கடையை விட்டு இறங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எழுதாவிட்டால் 30 நாள் கணக்கு. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

காதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை

கடைசியாக ஒன்று. உலகில் 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் சத்தமாகக் கேட்டுக் கேட்டே செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! போனின் முழுச் சத்தத்தில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

மில்லில் வேலை செய்கிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். எட்டு மணி நேரம் எந்திரச் சத்தத்தில் நின்ற காது ஏற்கெனவே களைத்திருக்கிறது. பஸ்ஸில் ஏறியதும் அந்தக் காதில் பாட்டை உச்சத்தில் வைத்தால் அது தாங்குமா? எந்திரம் ஓடும் இடத்தில் பாட்டு இயர்போன் ஒருநாளும் காதுக் காப்பு ஆகாது. அதற்கு உரிய காதடைப்பான் வேறு. காதை நன்றாக அடைக்கிற இயர்போனுக்கு ஆசைப்படுவதில் தப்பு இல்லை. வெளிச் சத்தம் குறைந்தால் பாட்டையும் குறைத்து வைக்கலாம் என்பதுதான் அதன் பெரிய லாபம்.

அதே அடைப்புதான் ரோட்டில் ஆபத்து. தண்டவாளத்தைக் கடக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் அதைக் கழற்றிப் பையில் போடுங்கள். வருகிற ரெயிலின் ஹாரன் எந்தப் பாட்டைவிடவும் முக்கியம்.

பூட்டு கெட்டால் வேறு பூட்டு. ஹெட்போன் கெட்டால் வேறு ஹெட்போன். காது கெட்டால் மாற்றுச் சாவி எந்தக் கடையிலும் கிடைக்காது!